‘ஆங்?’ என்றொரு கட்டம்

வெள்ளிக்கிழமை, கரண்ட் இல்லை.
ஏகாம்பரகுப்பத்தில் தறிகள் வாய் மூடியிருந்தன.
தேசம்மா வீட்டு மொட்டைமாடியில் ஐந்து பேர்,
நாற்பது பக்க நோட்டு ஒன்று,
கோடு போட ஒரு தார்க்குச்சி.
எழுதுகிறவள் நான். என் கையெழுத்துதான் கோணாது.

‘எங்கள் கொட்டகையில் சத்தம் அதிகம்’
என்று தொடங்கினேன்.
முனிரத்தினம் அதை அடித்தான்.
“அதிகம்னா முதலாளி சிரிப்பாரு.
எவ்வளவுன்னு எழுது.”

எவ்வளவு?
மறுநாள் டில்லிபாபு
சத்தம் அளக்கும் ஆப் ஒன்றைப் போனில் ஏற்றி வந்தான்.
பன்னிரண்டாம் தறியருகே தொண்ணூற்றெட்டு.
நாடா இடித்துத் திரும்புகையில் நூற்றிரண்டு.
மதியம் கரண்ட் போனது.
எண் நாற்பத்து மூன்றுக்கு விழுந்து
உடனே எண்பதுக்கு ஏறியது.
தறி நின்றது தெரியாமல்
நாங்கள்தான் கத்திக்கொண்டிருந்தோம்.
அதையும் எழுதினேன்.

அடுத்த வெள்ளி, வீடு வீடாக.
ஆறடி தள்ளி, முதுகுப்பக்கம் நின்று
கொல்லைச் சுவருக்கு அந்தப்பக்கம் பேசுகிற குரலில்
தேசம்மா கேட்பாள்:
“இன்னிக்கு என்ன குழம்பு?”
பதில் வந்தால் ஒரு கோடு.
“ஆங்?” என்று திரும்பினால்
வேறு கட்டத்தில் ஒரு கோடு.

கேள்வி எங்களை முந்திக்கொண்டு தெருவில் ஓடிவிட்டது.
ஏழாம் வீட்டில் ஒருவர்
நாங்கள் வாய் திறக்குமுன்பே “கத்திரிக்காய்” என்றார்.
கேள்வியை மாற்றி
ஏழு வீட்டையும் மறுபடி கேட்டோம்.

அந்தக் கட்டத்துக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது.
செவிடு என்று எழுதக் கை வரவில்லை.
மந்தம் என்றால் மாட்டைச் சொல்வதுபோல.
கடைசியில்
‘ஆங்?’ என்றே எழுதினேன்.

நாற்பத்திரண்டு பேரில் பதினேழு.
“தறிக்குப் போகாதவங்களையும் கேட்கணும்,
இல்லன்னா வயசுன்னு சொல்லிடுவாரு.”
புத்தூர் ரோட்டில் பூக்காரிகள், ஆட்டோக்காரர்கள்,
சத்துணவு ஆயாக்கள்,
அதே வயசு, அதே நாற்பத்திரண்டு.
மூன்று.

எதிரே மூக்கு மாதிரி நிற்கிறது மலை.
“ஊருக்கு மூக்கு பத்திரமா இருக்கு” என்றார் செங்கல்வராயன்.
யாரும் சிரிக்கவில்லை.
கஜலட்சுமி அப்போதுதான் பேசினாள்:
“பேர் போடாதீங்க.”

ஒன்பதாம் வரி அவள் புருஷன்.
போன வருஷம் கண் மங்கிய ராஜரத்தினத்துக்குக்
கணக்கு முடித்து
ஒரு வேட்டியும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.
பெயர்களுள்ள தாளைக் கிழித்தோம்.
அது அவள் அடுப்பில்
அன்றைக்குச் சோறு கொதிக்க வைத்தது.

இடப்பக்கம் தமிழில் நான்,
வலப்பக்கம் தெலுங்கில் முனிரத்தினம்,
நடுவே எண்கள், இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக.
தறிக்கால் நாலுக்கும் ரப்பர், அறுநூற்று நாற்பது.
முப்பத்தாறு தறிக்கு இருபத்து மூவாயிரத்து நாற்பது.
ஆளுக்கொரு ஜோடி காதடைப்பான்.
இரண்டு மணிக்கொருமுறை பத்து நிமிஷம் வெளியே.
“கூலியும் சேர்க்கலாமே?”
“அது வேற காகிதம்.”

முதலாளி கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார்.
கூட்டலைச் சரிபார்த்தார். சரியாகத்தான் இருந்தது.
பிறகு தமிழில் கேட்டார்:
“யாரு அந்தப் பதினேழு பேரு?”

மூன்றாம் தெருவில் தாயக்கட்டை உருண்டாலும்
என்ன விழுந்தது என்று சொல்லக்கூடிய செங்கல்வராயன்
காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார்.
“ஆங்?”
என்னைப் பார்த்தார்.
“ஆங்?” என்றேன்.
டில்லிபாபு. முனிரத்தினம். தேசம்மா.
கஜலட்சுமிக்கு மட்டும் குரல் சற்று நடுங்கியது.

“நாலு தறிக்குப் போட்டுப் பார்ப்போம்” என்றார்.
காதடைப்பான் பற்றிப் பேசவில்லை.

சாப்பாட்டு வேளையில்
மற்ற முப்பத்திரண்டும் ஓய்ந்திருக்க
அந்த நாலை மட்டும் ஓட்டி அளந்தோம்.
தொண்ணூற்றொன்று.
தேதி போட்டு எழுதினேன்.
நோட்டில் இன்னும் பதினோரு பக்கம் இருக்கிறது.