தூங்கும் எழுத்து

ஹைரியின் பெயரில் ஏழு எழுத்து.
வாய்க்கு எட்டுவது ஐந்து.
மீதி இரண்டும் ஒரே எழுத்துதான்:
கூன் முதுகு, கழுத்தில் குறுக்குக்கோடு.
எங்கள் ஃபரோ மொழியில்
அதற்கு ஓசை கிடையாது.

"அப்போ எதுக்கு டீச்சர் எழுதணும்?"

பயிற்சிக் கல்லூரியில் இதற்கு
நான்கு பக்கம் படித்தவள் நான்.
வெளியே சாரல். ஜன்னல் கண்ணாடியில்
ஓர் ஆட்டு மூக்கின் ஈரம்.
"அது தூங்குது" என்றேன்.

மறுநாள் வாசிப்பில்
அந்த எழுத்து வரும்போதெல்லாம்
விரலை அதன்மேல் வைத்து
மூச்சை நிறுத்தினாள்,
தொட்டிலைக் கடப்பவள் போல.
'வானிலை' என்ற சொல்லில் ஒருமுறை.
'மனிதன்' என்ற சொல்லில் ஒருமுறை.

செவ்வாய்க்கிழமைக்குள் வகுப்பே நிறுத்தியது.
ஒரு பக்கம் முடிய அரை மணி.
பதினொரு பாடம் பின்தங்கிவிட்டோம்,
தலைமையாசிரியர் யோகான்னஸிடம்
இன்னும் சொல்லவில்லை.

நேற்று துரோண்டுர்,
புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிப்பவன்,
முதல்முறையாகத் தானே நோட்டை நீட்டினான்.
அவன் பெயரில் எல்லா எழுத்தும்
சத்தம் போடும்.

"எனக்கும் ஒண்ணு வேணும்.
தூங்குறது."

ரப்பரை எடுத்தேன்,
கீழே வைத்தேன்.
எதற்கும் எதற்கும் நடுவே
அதைப் படுக்க வைக்கலாமென்று
இருவரும் குனிந்து
தேடிக்கொண்டிருந்தோம்.