கடைசி நிறுத்தத்தில் ஆறு நிமிடம்

வூச் நகரத்தில் டிராம் ஓட்டுகிறேன்.
இன்று பள்ளிக்குக் கடைசி நாள்.
விழாவுக்குப் போக விடுப்புக் கேட்டேன்,
சனிக்கிழமை கிடைத்தது.
ஆசிரியைக்கான பியோனிப் பூக்களை
மாடி வீட்டு ஹால்ஷ்காதான் கொடுத்தனுப்பினாள்.

பதினொன்றே காலுக்கு
வெள்ளைச் சட்டையில் ஏறினான் இக்னாட்சி.
கண்ணாடித் தடுப்பில் சான்றிதழை ஒட்டிப் பிடித்தான்.
கணக்கில் நான்கு என்பதுவரை படித்தேன்,
சிக்னல் விழுந்துவிட்டது.

கடைசி நிறுத்தம்.
பையைக் கவிழ்த்தேன்.
மார்ச் மாதத்து ரொட்டி, பூசணம் பூத்து.
ஒற்றைக் காலுறை, யாருடையதோ.
அடியில் நான்காய் மடிந்த தாள்:
மே ஒன்பது, மிருகக்காட்சிசாலை,
பெற்றோர் கையொப்பம்.
கோட்டின்மேல் ஒன்றுமில்லை.

அன்றிரவு இவன்
ஒட்டகச்சிவிங்கிக்கு நாக்கு கறுப்பு என்றானே.
சட்டை தேய்த்தபடி நானும்
அப்படியா என்றேனே.

"லைப்ரரியில் உட்கார வைத்தார்கள்.
படம் போட்ட புத்தகம் இருந்தது"
ஜன்னலைப் பார்த்துச் சொன்னான்.
"காலையில் நீ தூங்கிக்கொண்டிருந்தாய்,
எழுப்பவில்லை."

தாமதக் கணக்கு எழுதும் பேனாவால்
அந்தக் கோட்டில் கையெழுத்துப் போட்டேன்.
தேதி போடவில்லை.

மணியடிக்கும் நேரம்.
இன்னொரு சுற்று வரட்டுமா என்றான்.
டிக்கெட் எங்கே என்றேன்.
அந்தத் தாளை எடுத்து நீட்டினான்.