பலூன் வகுப்பு

சேலம் ஜங்ஷனில் முன்பதிவு ஜன்னலுக்குப் பின்னால்
வாரம் ஆறு நாள் கூன்போட்டு உட்காருகிறவள்
ஓய்வுநாளான சனிக்கிழமை
பனங்காட்டுப் பள்ளிக்குப் போய்
நிமிர்ந்து உட்காருவது எப்படி என்று சொல்லித் தருகிறேன்.
சிரிப்பாகத்தான் இருக்கிறது.
சம்பளம் கிடையாது. டவுன் பஸ்ஸும் இலவசம்.
நானும் அரசாங்கமும் சமம்.

முதல் வாரம் கை கழுவுதல். ஏழு படிகள்.
மூன்றாம் படியில் குழாய் நின்றுபோனது.
மீதி நான்கையும் காற்றில் கழுவினோம்.

அடுத்த வாரம் உணவு.
தொண்டு நிறுவனம் கொடுத்த அட்டையில்
ஆப்பிள், பாதாம், பெயர் தெரியாத ஒரு மீன்.
சௌடேஸ்வரி கை தூக்கினாள்:
"இதுல தட்டுவடை செட்டு எங்க இருக்குது மிஸ்?"
யோசித்தேன். பீட்ரூட் இருக்கிறது, கேரட் இருக்கிறது.
எண்ணெயைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.
அட்டையின் ஓரத்தில் பென்சிலால் வரைந்தேன்.
அன்றைக்குத்தான் வகுப்பு என்னை நம்பத் தொடங்கியது.

மூன்றாம் வாரம் நுரையீரல்.
செவ்வாய்ப்பேட்டையில் மொத்தமாக வாங்கிய பலூன்கள்.
ஒரே மூச்சில் ஊத வேண்டும், அவ்வளவுதான் விதி.
பூவரசனுடையது தேங்காயளவு.
சௌடேஸ்வரியுடையது மல்கோவா.
காந்தி மைதானத்தில் ஒரு காலத்தில்
நானூறு மீட்டர் ஓடிய எனக்கு
ஓர் ஏற்காட்டு ஆரஞ்சு.

கடைசி பெஞ்சிலிருந்து ரேணுகோபால் வந்தான்.
அவன் சட்டைக்குள் இன்னொரு பையன் நுழையலாம்.
கன்னம் உப்பியது. அவசரமே இல்லை.
பலூன் வளர்ந்தது
வளர்ந்து
அவன் முகத்தை மறைத்து
வெடித்தது.

கைதட்டினேன். விசிலும் அடித்தேன்.
பதிவேட்டில் 'மிகச் சிறப்பு' என்று எழுதிவிட்டு
எங்கேடா பழகினாய் என்றேன்.

"வூட்லதான் மிஸ்.
கொலுசுக்குப் பத்த வெக்கறப்ப
விட்டு விட்டு ஊதுனா சுடர் ஆடும்,
பொடி எகிறிரும்.
ஒரே ஊதா ஊதணும்.
ராத்திரிக்கு முப்பது ஜோடி."

வகுப்பு இன்னும் தட்டிக்கொண்டிருந்தது.
நான் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன்.
அது ஒரு சத்தம் போட்டது.

அன்று மாலையே அவன் வீட்டுக்குப் போனேன்.
பத்துக்குப் பத்து அறை. தரையெங்கும் வெள்ளி முத்துகள்.
தொண்டையில் ஏதோ உலோகம் இனித்தது.
ஜன்னல் சாத்தியிருந்தது.
"தொறந்தா காத்து வரும் மேடம். சுடர் நிக்காது."
ரேணுகோபாலின் அப்பா அப்படித்தான் சொன்னார்,
இருமலை முடித்துக்கொண்டு,
மரியாதையாக, டீயை நீட்டியபடி.
வந்த கடனை எண்ணிக்கொண்டிருக்கிறவரிடம்
என் அட்டைகள் எதுவும் வேலைக்காகவில்லை.
பையனை விட்டுவிடுங்கள் என்று சொல்லப் போய்
பையன் ஊதாத நேரமாவது ஜன்னலைத் திறங்கள் என்று முடித்தேன்.
பார்க்கலாம் என்றார்.
பிறகு, கொஞ்சம் தயங்கி,
"திருப்பதிக்கு வெயிட்டிங் லிஸ்ட் பதினேழுங்க. கன்பார்ம் ஆகுமா?"
நானும் பார்க்கலாம் என்றேன்.

பதிவேட்டில் எழுதியதை அடிக்கவா வேண்டாமா
என்று பஸ் முழுக்க நினைத்துக்கொண்டே வந்தேன்.
அடிக்கவில்லை. அது பொய்யும் இல்லை.

இன்று நான்காவது சனிக்கிழமை.
பலூன் எங்கே என்று கேட்கிறார்கள்.
பலூன் இல்லை, இன்றைக்கு ஊதுவதே இல்லை என்றேன்.
எல்லோரையும் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனேன்.
மழை விட்டிருந்தது. கஞ்சமலை பக்கமிருந்து
இரும்பு வாசம் கலந்த ஈரக் காற்று.

இழுங்கள். உள்ளே மட்டும்.

எல்லோரும் பாதியில் சிரித்துவிட்டார்கள்.
ரேணுகோபால் கண்ணை மூடி நிற்கிறான்.
சட்டை மெல்ல அவன் அளவுக்கு வருகிறது.

"எவ்வளவு நேரம் மிஸ் இழுக்கலாம்?"

பெல் அடிக்க இன்னும்
ஆறு நிமிடம் இருக்கிறது.