எட்டாவது ஆள்

அரிக்கமேட்டில் நிழல் உண்டு.
மாமரத்தடியில் வண்டியை விட்டால்
ஏசி போடாமலே ஒரு தூக்கம் போடலாம்.
ரோமாபுரிக்குக் கண்ணாடி மணி ஏற்றிய துறையாம்,
போய்வந்தவர்கள் சொல்வார்கள்,
செருப்பு மண்ணை என் கால்மிதியில் தட்டிக்கொண்டே.

தேவனாம்பட்டினத்தில் வெயில்.
கோட்டை பார்க்க இறங்கியவர்கள்
"எங்கேப்பா கோட்டை?" என்று திரும்பி வருவார்கள்.
இருப்பது அவ்வளவுதான் என்பேன்.
மீதியைக் கெடிலம் கரைத்ததா, சண்டை கரைத்ததா
எனக்குத் தெரியாது.
பார்க்கிங் முப்பது ரூபாய்.

பரங்கிப்பேட்டையில் டீ நன்றாயிருக்கும்.

பிச்சாவரத்தில் ஒரே ஒரு வேம்பு,
ஏழு வண்டிக்கு நிழல்.
எட்டாவதாய்ப் போனால் ஸ்டியரிங் சுடும்.
பதினோரு வருஷம் வந்து போயிருக்கிறேன்.
சுரபுன்னைக் காடு எனக்கு
டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் ஒரு பச்சைக் கோடு.

அன்றைக்குப் பவானிக்காரர்கள், ஏழு பேர்.
துடுப்புப் படகில் எட்டுப் பேர் ஏறலாம்.
எட்டுக்கும் காசு கட்டியாகிவிட்டது.
"டிரைவர், நீங்களும் ஏறிக்குங்க,
சும்மா எதுக்குப் போகோணும்?" என்றார் பூங்கோதை அக்கா.
வெள்ளைச் சட்டைமேல் ஆரஞ்சு ஜாக்கெட்,
ஜிப் பாதியில் நின்றது.
வண்டிச் சாவியைக் கையிலேயே பிடித்திருந்தேன்.

துடுப்புப் போட்டவர் கிள்ளைக்காரர், பொன்னுரங்கம்.
அகன்ற நீரைவிட்டுச் சந்துக்குள் திருப்பியதும்
வெளிச்சம் குறைந்தது.
இரண்டு பக்கமும் வேர்கள் காலூன்றி நின்றன,
தண்ணீருக்குள் இறங்கலாமா வேண்டாமா என்பதுபோல.
தலை குனி என்றார், குனிந்தோம்.
ஒவ்வொரு திருப்பத்திலும்
என் வலது கால் பலகையை அழுத்தியது.
எதிரே யார் வருகிறார்கள் என்று தெரியாத வளைவு,
ஹாரன் இல்லை.
வந்தது ஒரு மீன்கொத்தி.

"இது தில்லை. கிளையை ஒடிக்காதீங்க,
பால் பட்டா கண்ணு போயிடும்."
சிதம்பரத்துக்குப் பேரைக் கொடுத்துவிட்டு
மரம் இங்கே சேற்றில் நிற்கிறது.
ஊருக்குள் எத்தனை முறை அந்தப் பேரை
பஸ்ஸின் நெற்றியில் படித்திருப்பேன்!

அக்கா கேட்டார்:
"எங்கூர்க் காவேரி இங்கதான் வந்து சேருதுங்களா?"
பொன்னுரங்கம் துடுப்பை நிறுத்தினார்.
"கொள்ளிடம் அந்தாண்ட. வெள்ளம் வுட்டா
இங்கயும் ஏறும்.
அன்னிக்கு நல்ல தண்ணி பட்டு
நண்டுக்கெல்லாம் தலை சுத்தும்."
யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அக்கா பையைத் துழாவி ஒரு பாட்டிலை எடுத்தார்.
கூடுதுறையில் பிடித்ததாம்,
பிள்ளைக்கு ஊர்மாற்றுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாதென்று.
பிள்ளை மூன்று நாளாய் கோலிசோடா குடிக்கிறான்.
மேட்டூருக்குக் கீழே, முக்கொம்பு, அணைக்கரை,
எத்தனை ஷட்டர், எத்தனை கையெழுத்து!
இந்தத் தண்ணீர் மட்டும்
என் பின்சீட்டில், பிஸ்கட் பொட்டலத்துக்கு அடியில்
யாரையும் கேட்காமல் வந்திருக்கிறது.

பாதியைக் குடித்தார்.
மீதியைப் படகுக்கு வெளியே சாய்த்தார்.
சத்தம்கூட வரவில்லை.
ஒரு நண்டு வேருக்குப் பின்னால் போனது,
அதற்காகப் போனதா, நிழல் பட்டுப் போனதா,
நாங்கள் எட்டுப் பேரும் குனிந்து பார்த்தோம்.
"அவ்ளோதானாம்மா?" என்றான் பையன்.
"அவ்வளவுதான்டா."

கரையேறியபோது வேம்பின் நிழல் நகர்ந்திருந்தது.
ஸ்டியரிங் சுட்டது.
டிரிப் ஷீட்டை மடியில் வைத்து
வெயிட்டிங் இரண்டு மணி என்று எழுதப்போய்
பேனாவை எடுத்துவிட்டேன்.
முதலாளி கேட்பார்.
என்ன சொல்வதென்று யோசிக்க
கடலூர் வரை நேரமிருந்தது.
படகின் அடித்தண்ணீரில் நனைந்த செருப்பு
ஆக்சிலேட்டரில் வழுக்கிக்கொண்டே வந்தது.