கம்பியைப் பிடிச்சு நில்லுங்க

மஞ்சக்குப்பத்தில், டயர் கடைக்கு மேலே
தகரக் கூரை ஜிம்.
அங்கே ஸ்மித் மெஷினில்
நான் தொண்ணூறு கிலோவுக்கு ஆள்.
இரண்டு தண்டவாளம், நடுவே பார்.
இறங்கு என்றால் இறங்கும், ஏறு என்றால் ஏறும்,
மணிக்கட்டைத் திருப்பினால் கொக்கியில் மாட்டிக்கொண்டு
நல்ல பிள்ளைபோல் நிற்கும்.
ஐந்து மாதத்தில் காக்கி பேண்ட் தொடையில் இறுகியது.
டிப்போவில் இரண்டு பேர் கவனித்தார்கள்,
டைம் கீப்பரையும் சேர்த்தால்.

நேற்று மெஷினில் ஆள் இருந்தது.
ஐஸ் பாக்டரி இக்னேஷியஸ் ஓரத்து ஸ்டாண்டைக் காட்டி
"இதுல போடேன்" என்றான்.
அறுபது போதும் என்றேன், பெருந்தன்மையாக.

தோளில் ஏற்றி
இரண்டடி பின்னால் வந்ததுமே
பார் விசாரிக்கத் தொடங்கிவிட்டது.
பாரம் குதிகாலிலா, விரலிலா?
மூச்சை எங்கே வைத்தாய்?
முட்டி ஏன் உள்ளே எட்டிப்பார்க்கிறது?
பதில் தேடிக்கொண்டே இறங்கினேன்.
பாதி வழியில்
கண்ணாடியில் இருந்த ஆள்
இடப்பக்கமாய்ச் சரிந்தான்.
இக்னேஷியஸ் பின்னாலிருந்து வாங்கிக்கொண்டான்.

நாற்பதுக்கும் அதே சரிவு.
வெறும் பாருக்கும், கொஞ்சம்.
"அந்தப் பக்கம் என்னடா வச்சிருக்க?"

பதினோரு வருஷம்,
கடலூர் – புதுச்சேரி.
ஆல்பேட்டைப் பாலத்தில் வண்டி ஒடியும்,
கிருமாம்பாக்கத்து வேகத்தடையில் ஒருமுறை பறக்கும்.
கம்பியைப் பிடிச்சு நில்லுங்க, கம்பியைப் பிடிச்சு நில்லுங்க
என்று கத்திக்கொண்டே
இரண்டு கையாலும் சீட்டு கிழிப்பேன்.
நான் பிடித்ததே இல்லை.
அதில் எனக்கொரு திமிர்கூட உண்டு.
இடது இடுப்பு மட்டும்
என்னிடம்கூடச் சொல்லாமல்
மூன்றாவது இருக்கையின் விளிம்பைப்
பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது.

மெஷினுக்கு இது தெரிந்திருக்கும்.
தண்டவாளம் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை.
அதைக் குறை சொல்லமாட்டேன்;
டபுள் டூட்டி முடிந்த ராத்திரியில்
நானும் அதனிடம்தான் போவேன்,
போய்த் தொண்ணூறு தூக்கிவிட்டு வருவேன்.

ஆனால் இன்று காலை
ரெட்டிச்சாவடி தாண்டியதும்
இருக்கையைவிட்டு ஒரு ஜாண் தள்ளி,
காலை அகட்டி,
குதிகாலை ஊன்றி நின்று பார்த்தேன்.
எதிரே ஒரு மாடு.
பிரேக்.
பையிலிருந்த சில்லறை முன்வாசல்வரை ஓடியது,
பின்னாலேயே நானும்.

பாகூர் போகும் பெண்
மடியிலிருந்த டிபன் பாக்ஸைப் பத்திரமாய் அணைத்துக்கொண்டு
சொன்னாள்:
"கம்பியைப் புடிச்சுக்கங்க சார்."