சொத்து விவரம்

நீலகிரி மாவட்டம், கோத்தகிரி சார்பதிவகம்,
நாற்பத்தோரு ஏக்கர் சொச்சம்.
காலையிலிருந்து அடித்துக்கொண்டிருக்கிறேன்.
பனி ஜன்னல்வழி நுழைந்து
ஸ்டாம்பு பேப்பரை நமுக்க வைக்கிறது.

தாய்ப்பத்திரம் ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தாறு.
எழுதி வாங்கியவர் லௌரிட்ஸ் ஹோல்பெக், டென்மார்க்கு தேசத்தவர்,
தரங்கம்பாடியில் வியாபாரம் நொடித்து மலையேறியவர்.
எழுதிக் கொடுத்தவர் ஆலா கவுடர், கைநாட்டு.
ஏக்கருக்கு ஒன்றேகால் ரூபாய்,
மொத்தத்துக்கும் சேர்த்து ஒரு கறுப்புக் கம்பளி.
கிழக்கு எல்லை: ஒரு கல்.
என்ன கல்லென்று கவுடர் சொல்லியிருப்பார்.
எழுதியவன் காதில் வாங்கியிருக்க மாட்டான்.

தன் ஊர் மாளிகையின் பெயரையே
இதற்கும் வைத்தார் துரை: ஸ்கோவ்லுண்ட்.
சோலைக்காடு என்று அர்த்தமாம்.
வைத்த கையோடு சோலையை வெட்டிக் காப்பி போட்டார்.
அடுத்த பத்திரத்தில் அது ஸ்கோலண்டு,
அதற்கடுத்து சுக்கோலந்து,
பஸ் நிறுத்தத்தில் இப்போது சுக்குலந்து.
இஞ்சி ஒரு செடி அங்கே விளைந்ததில்லை.

இலையில் துரு விழுந்து காப்பி போனது,
பின்னாலேயே துரையும்.
ஆறு வருஷம் பேங்கு வைத்திருந்தது.
பெல்லிங்ஹாம் சீமாட்டி தேயிலை போட்டாள்,
பதினொரு நாய் வளர்த்தாள்,
பங்களாவை நாய்கள் பேருக்கே உயில் எழுதினாள்.
கோர்ட்டு ஒப்பவில்லை.
தேவகோட்டை பெரி.சித. வயிரவன் செட்டியார்
ஒரே ஒரு தடவை வந்தார்,
கதவைத் தட்டிப்பார்த்து 'பர்மா தேக்கு இல்லை' என்றார்,
குளிர் தாங்காமல் சாயங்காலமே இறங்கிவிட்டார்.
பேரன்மார் ஐவர், பாகப்பிரிவினை வழக்கு, பத்தொன்பது வருஷம்.
அந்தப் பத்தொன்பது வருஷமும்
கண்டியிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்கள்
லயத்தில் இருந்துகொண்டு கொழுந்து கிள்ளினார்கள்.
வில்லங்கத்தில் அவர்களைத் தேடினால்
'இல்லை' என்று வரும்.

ஏழு பத்திரத்திலும் தெற்கு எல்லை மட்டும் ஒன்றுதான்:
'சிசுவின் கல்லறைக்கு வடக்கு.'
துரையின் மகள், காரென், பதினொரு மாதம்.
விற்றவர் போனார், வாங்கியவரும் போனார்,
எந்த சர்வேயர் வந்தாலும்
அவள் தலைமாட்டில் சங்கிலியை வைத்துத்தான்
அளக்கத் தொடங்கினார்.

எதிர் நாற்காலியில் திருப்பூர் குப்பண்ணசாமி,
பனியன் கம்பெனி, இனிமேல் ரிசார்ட்டு.
"கல்லறைன்னு வேண்டாமுங்க.
ரூம் எடுக்க வர்றவங்க பயப்படுவாங்க."
"எல்லைக்கு வேறென்ன போட?"
"கல்லுன்னு போடுங்களேன், போதும்."

வார்த்தையின் வாலில் கர்சரை வைத்தேன்.
மூன்று தட்டு.
முதலில் ஐகாரம் போனது, அப்புறம் ற,
அப்புறம் ல.
கல் நின்றது.

மிச்சமெல்லாம் விரல்களே அறியும்:
நிதி நிட்சேபம் ஜலம் தரு பாஷாணம் சகிதமாய்,
புத்திர பௌத்திர பாரம்பரியமாய்
சர்வ சுதந்திரத்துடன் சுகமே ஆண்டு அனுபவித்துக்கொள்வது.

வாசித்துக் காட்டினேன்.
கிழக்கே ஒரு கல்.
தெற்கே ஒரு கல்.
"சரிதானுங்க" என்றார்.

பக்கத்துக்கு இருநூறு ரூபாய்.
அடித்ததற்குத்தான் கூலி,
அழித்ததற்குக் கேட்கிற வழக்கமில்லை.