மிச்சத்தின் எடை

கோராஸ்த் தன் சைக்கிள் பாகங்களை
எங்கள் ரொட்டிக்கடைத் தராசில்தான் நிறுப்பான்.
விடிகாலை நான்கரை. எஃகு ஆலையில் இரவு ஷிஃப்ட் முடிந்த கண்கள்.
மாவு துடைத்த தட்டில் பழைய பெடலை வைப்பான்,
எடுப்பான், புதியதை வைப்பான்.
"பார் ததேயா, அறுபத்திரண்டு கிராம் குறைவு."

அறுபத்திரண்டு கிராம் என்றால்
எங்கள் கசகசா பன் ஒன்று.
அதையும் வாங்கித் தின்றுவிட்டுத்தான் போவான்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பானால்
ஊர் சிரிக்கும்.
மலைச் சைக்கிள்காரர்களோ
கட்டெறும்புக்கு முன்பணம் கட்டிவிட்டு
பார்சல் வண்டிக்காக வாசலில் நிற்பார்கள்.

டயர் மட்டும்தான் என்று ஆரம்பித்தான்.
டயர் அகலம், ரிம் அதற்குக் குறுகல்.
ரிம் வந்தது, ஹப் சேரவில்லை.
ஹப் வந்தது,
அதன் அச்சு ஆறு மில்லிமீட்டர் நீளம்.
ஆறு மில்லிமீட்டர்!
ஒரு பட்டாணியின் பருமன்.
அந்தப் பட்டாணியை உட்காரவைக்க
ஃபிரேமையே மாற்றினான்.
கார்பன். சாம்பல் நிறம். தட்டினால்
காலிப் பெட்டிபோலச் சத்தம்.

வீட்டில் பாதி விலை சொன்னான்.
நெவென்கா வரி அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவள்,
இரண்டால் பெருக்கத் தெரியாதவளா?
அந்தக் கோடையில்
அடுக்களைக்குப் புதுத் தரை போட்டுக்கொண்டாள்.
அவன் வாய் திறக்கவில்லை.

கழற்றியதையெல்லாம் என்னிடம் விட்டுப்போவான்,
நிறுத்த கூலியாம்.
ஈஸ்ட் வந்த அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளுவேன்.
மூன்று முறை பெட்சா மலை வெளுத்துப் பச்சையானது.
கடைசியில் பழைய ஃபிரேமும் வந்தது:
பச்சை எஃகு, கீழ்க்குழாய் முழுக்க
அவன் விழுந்த இடங்கள்.

அன்றிரவு பெட்டியைக் கொட்டி எண்ணினேன்.
எல்லாம் இருந்தது.
செயின் மட்டும் இல்லை.
தேய்ந்த செயினை யார் யாருக்குத் தருவார்கள்?
பதினெட்டு யூரோ. நான் வாங்கியது அது ஒன்றுதான்.

இடது பெடல் எதிர்த்திசையில் முறுகும் என்பது
தெரியாமல்
அரைமணி நேரம் அதைத் திட்டினேன்.
பிரேக் எண்ணெய் ஏற்றி இறக்கி
காற்றுக்குமிழி போவதற்குள் அலாரம் அடித்துவிட்டது.
அப்படியே போய் மாவு பிசைந்தேன்.
ரொட்டியில் ஏதோ வாசம் என்று
ஒருவரும் சொல்லவில்லை.

முழு வண்டியையும் மாவுமூட்டைத் தராசில் ஏற்றினேன்:
பதினைந்து கிலோ நானூறு.
ஒரு கிராமும் வெட்கப்படவில்லை.

மே மாதம், பழைய ஈயச் சுரங்கத்தின் மேலே,
பாதை ஊசியிலைக் காட்டுக்குள் திரும்பும் இடம்.
அவன் முன்னால் போய்க்கொண்டிருந்தான்.
நான் மிதிப்பதை நிறுத்தினேன்.
பின் ஹப் சொடுக்கத் தொடங்கியது,
நகம் கடிப்பவன் போல,
அவசரமாய், ஒவ்வொரு ஏழாவதிலும் ஒன்று விட்டு.

அவன் பிரேக் பிடித்தான். திரும்பிப் பார்க்குமுன்பே சொன்னான்:
"அது என் சைக்கிள்."

பிறகு பார்த்தான்.
என்னுடையதை. தனக்குக் கீழே இருந்ததை. மறுபடி என்னுடையதை.
"அப்படியென்றால் இது யாருடையது?" என்றேன்.
பதில் சொல்லாமல் இறங்கி
தன்னுடையதை என் கையில் சாய்த்துவிட்டு
பச்சையில் ஏறிப் போய்விட்டான்.

வேர்களின் மேல் கடகடவென்று
ஒரு பாத்திரக்கடையே உருண்டு போனது.
நடுவில் ஒரு கூச்சல்.
மூன்று வருடமாக
அவன் தொண்டையில் அதைக் கேட்டதில்லை.

கீழே ஓடைப்பாலத்தில்
மூக்குவரை சேறோடு நின்றிருந்தான்.
"என்ன விலை சொல்கிறாய்?"

காதில் விழுந்தது. ஆனால் நான்
அவன் முன்சக்கரத்தைக்
கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தேன்.
நல்ல டயர். வழியெல்லாம்
ஒரு கல்லில்கூட வழுக்கவில்லை.

கொஞ்சம் அகலம்தான்.
என் ரிம்
அதற்குக் குறுகல்.